டெய்லர் அக்காவின் டி கார்டு

“நாம மறந்துட்டோம்னு அவுங்க நெனைக்கணும் தம்பி. அதுக்கப்பறந்தான் நமக்கு வேலையே ஆரம்பிக்குது.”

டெய்லர் அக்கா இதை என்னிடம் சொன்னபோது எங்கள் இருவர் முன்னாலும் ஆளுக்கொரு கீபோர்டு இருந்தது. சுற்றிலும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். பேகம்பூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையின் மாடி, மேலே தகரக் கூரை, சனிக்கிழமை மூன்று மணி வெயில். அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கடையிலிருந்து நேராக வருவதால் கழுத்தில் இஞ்சு டேப் அப்படியே தொங்கும். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதையும் ஞாபகம் வைத்துக்கொள்வார். எனக்கும் அவர்மேல் ஒரு வருத்தம் பாக்கி இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி அவரைப் பற்றி எழுதுவதுதான்.

நான் அந்த வகுப்பில் போய் விழுந்த கதை கேவலமானது. மகளுக்காக வாங்கிய கீபோர்டு. இரண்டே மாதத்தில் அவள் சிலம்பத்துக்குத் தாவிவிட்டாள். “தெனமும் இதுக்குத் தூசி தொடைக்க என்னால ஏலாது. ஒண்ணு நீங்க வாசிங்க, இல்ல யாருக்காச்சும் குடுத்துருங்க” என்றாள் மனைவி. மின்வாரிய அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற நாற்பத்திரண்டு வயதுக்காரனுக்கு யாருக்கும் எதையும் கொடுக்க மனசு வராது. ஆகவே நானே போனேன்.

அக்கா சேர்ந்ததும் அதே நாளில். சொல்லிக்கொடுத்தவள் இருபத்து மூன்று வயதுப் பெண். பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் அவளை மிஸ் என்றே கூப்பிட்டோம். முதல் பாடம் எளிது. வலது கைக் கட்டைவிரல் சி-யில், நடுவிரல் இ-யில், சுண்டுவிரல் ஜி-யில். மூன்றையும் ஒன்றாக அமுக்கினால் சி மேஜர் கார்டு. பிள்ளைகள் அமுக்கினார்கள், நானும் அமுக்கினேன். அக்கா புதுத்துணியில் கத்திரியை இறக்குகிறவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். இடது கை எந்தப் பட்டனிலோ பட்டிருக்க வேண்டும். பெருஞ்சத்தத்தோடு ஒரு குத்துத் தாளம் கிளம்பிவிட்டது. நிறுத்தத் தெரியாமல் அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நான் சிரித்துவிட்டேன். பிள்ளைகளும் சிரித்தார்கள் என்றாலும் ஆரம்பித்தது நான்தான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அவரும் சிரித்தார். “சாருக்கு எந்தூரு?” என்று கேட்டார். எனக்குச் சித்தையன்கோட்டை என்றேன். அடுத்த வாரமே சார் போய்த் தம்பி ஆனேன். அதற்கடுத்த மாதம், “வீட்ல தங்கச்சிய ஒருநா கடைக்கு வரச்சொல்லுங்க, ஒரு ஜாக்கெட் தச்சுத் தாரேன்” என்றார். மனைவி போனாள். அதோடு பழைய தையல்காரரைத் தலைமுழுகினாள்.

மிஸ் பாட்டு சொல்லித்தர ஆரம்பித்த அன்று அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

“பாட்டெல்லாம் வேணாம் மிஸ். எனக்குக் கார்டு மட்டும் போதும். விரலு பொய் சொல்லுமா சொல்லாதா, அம்புட்டுத்தான் எனக்குத் தெரியணும்.”

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மழைக்காகப் படிக்கட்டில் ஒதுங்கி நின்ற ஒரு நாளில்தான் விவரம் சொன்னார்.

அவர்களுடைய மாதா கோயிலில் அக்கா இருபது வருஷமாகப் பாடுகிறவர். ஞாயிறோ திருவிழாவோ, பூசையில் காணிக்கைப் பாட்டு அவருடையது. மற்ற பாட்டை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், அதை மட்டும் அவர் தனியாகப் பாடுவார். வீட்டுக்காரர் இறந்த வருஷம்கூட விடவில்லை. “தையல் வயித்துக்கு தம்பி. அந்த ஒரு பாட்டுதான் எனக்கு” என்றார். போன திருவிழாவில், அந்தப் பாட்டின் உச்சியில், குரல் கிழிந்துவிட்டது. பந்தல் நிறைய ஜனம். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன. கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “அக்காவுக்கு வயசாயிருச்சு, மன்னிச்சுக்கங்க” என்று நயமாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பாட்டு கீபோர்டுக்காரரின் கொழுந்தியாளுக்குப் போய்விட்டது.

“ஸ்கேல ஏத்திட்டியா தம்பின்னு நேராவே கேட்டேன். நான் எப்பவும் வாசிக்கிற அதே எடந்தான், என் விரலப் பாத்தீங்கள்லன்னான். பாத்தேன். எல்லாரும் பாத்தாக. அதே எடந்தான்.” அக்கா மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவன் விரலு நெசம்னா என் தொண்டை போயிருச்சு. தொண்டைக்கு டாக்டரப் பாத்தாச்சு. தெனம் மெளகுப்பாலு. அஞ்சு மாசமா வீட்டுல கூட வாயத் தொறந்து பாடல. எது பொய்யின்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல.”

இப்படி ஒரு மனுஷி பிடித்தபிடியாகக் கார்டு கற்றுக்கொள்வதை நான் பார்த்ததில்லை. கடையில் துணி வெட்டும் மேசைமேல் டெய்லர் சாக்பீஸால் கீபோர்டின் கட்டைகளை வரைந்து வைத்திருந்தார். வெள்ளைக் கட்டைக்கு வெறும் கோடு, கருப்புக் கட்டைக்குத் தீட்டிய கட்டம். வலது கை மேசைமேல் சி, எஃப், ஜி என்று மாறும். கால் மெஷின் மிதியை நாலு நாலாக எண்ணும். நாற்பது வருஷம் கத்திரி பிடித்ததில் அவருடைய நடுவிரல் நுனி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். எஃப்-க்குப் போகும்போது அது பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கிவிடும். அவர் விரலைத் திட்டுவார், மறுபடி வைப்பார்.

நான் வேறு மாதிரித் திண்டாடினேன். சி-யிலிருந்து ஜி-க்கு மாறுவதற்குள் பாட்டு நாலு வீடு தள்ளிப் போய்விடும். என் சுண்டுவிரலுக்குத் தனியாக ஒரு புத்தி இருந்தது.

“தம்பி, ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மொகத்த வைங்க, கை தானா போகும்” என்றார். அவருக்கு சி என்றால் கீபோர்டுக்காரர். எஃப் மாமியார். ஜி அந்தக் கொழுந்தியாள். “மூணு பேரையும் மாத்தி மாத்தி அமுக்குறேன்.” மிஸ் தூரத்திலிருந்து, “மெதுவாம்மா, கட்டை ஒடஞ்சிரும்” என்பாள். நானும் ஜி-க்கு எங்கள் அலுவலக அதிகாரியின் முகத்தை வைத்துப் பார்த்தேன். அந்த வாரமே ஜி சரியாக விழுந்தது. கல்வி எந்த வழியாக வந்தால் என்ன.

மாமியார் கதையையும் அவரே சொன்னார். கல்யாணமான புதிதில் அக்கா வைத்த குழம்பை அந்தக் கிழவி, நாலு பேர் முன்னால், நாய்கூட நக்காது என்றிருக்கிறார். அக்கா சட்டியை மூடி உள்ளே எடுத்துப் போனார். இருபத்தைந்து வருஷம் கழித்துக் கிழவி படுத்த படுக்கையானார். வேறு மருமகள்கள் எட்டிப் பார்க்கவில்லை. அக்காதான் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டார். மூன்று வேளையும் சுடுசோறு, கறிக்குழம்பு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகை. ஆனால் ஒவ்வொரு வாய் ஊட்டியதும் கையை நிறுத்திவிட்டு, “நல்லாருக்கா அத்தை?” என்று கேட்பார். நல்லாருக்கு என்று சொன்னால்தான் அடுத்த வாய். சாகிற அன்றைக்குக் காலையிலும் கேட்டாராம்.

“சொன்னாகளா?”

“சொன்னாக. மூணாவது வாயிக்கு.”

எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. அந்த மாமியார்மேல் பரிதாபமும் வரவில்லை.

இன்னொன்று கடைக்காரியாக அவர் செய்தது. தைத்த ஜாக்கெட்டைக் கை சரியில்லை என்று ஒருத்தி கடை வாசலில் வீசி எறிந்திருக்கிறாள். அக்கா எடுத்துத் தூசி தட்டி, சிரித்துக்கொண்டே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தப் பொம்பளைக்கு அவர் தைத்ததுபோல ஊரில் யாருக்கும் தைக்கவில்லை. ஒரு சுருக்கம் விழாது. அவள் பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பட்டுத் துணியோடு வந்து நின்றவளிடம் அக்கா, “தைக்கத் தேதி இல்லம்மா” என்றார். மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அதே பதில். சம்பந்தி வீட்டார் முன்னால் அவள் வேறு கடையில் தைத்த ஜாக்கெட்டுக்குக் கக்கத்தில் பின் குத்திக்கொண்டு நின்றதை அக்காவே மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்தார். இதைக் கேட்டு நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் யாரோ என் கீபோர்டில் விளையாடிவிட்டுப் போயிருந்தார்கள். மிஸ், “எல்லாரும் சி” என்றாள். எல்லாரும் அமுக்கினோம். காது கூசியது. என்னுடையது மட்டும் எங்கோ மேலே நின்று கத்தியது.

“ட்ரான்ஸ்போஸ் பட்டன அமுக்கிட்டாங்க” என்றாள் மிஸ். “பாருங்க, அஞ்சுன்னு காட்டுது. அஞ்சு படி மேல ஏறிருச்சு. சீரோ பண்ணுங்க.”

அக்கா எழுந்து வந்தார். என் விரல்களைப் பார்த்தார். திரும்பித் தன் கீபோர்டைப் பார்த்தார்.

“தம்பி, அசைக்காம அப்படியே வைங்க. ஒங்க விரலு எங்க இருக்கு?”

“சி-லக்கா.”

“நானும் சி-லதான் வச்சேன். எடம் ஒண்ணு. சத்தம் வேற.” அக்கா மிஸ் பக்கம் திரும்பினார். “மிஸ், கோயில்ல எனக்குன்னு அவன் வழக்கமா வைக்கிறப்ப அந்தப் பெட்டியில ரெண்டுன்னு எழுதியிருக்கும். நாந்தான் வாராவாரம் பாப்பேனே. அத ஏதோ சத்தத்துக்குன்னு நெனச்சிருந்தேன். திருவிழா அன்னைக்கு அதுல எத்தன ஏத்துனானோ. ரெண்டுல வச்சு வாசிங்க.”

மிஸ் இரண்டில் வைத்து, சி, எஃப், ஜி என்று வாசித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காணிக்கைப் பாட்டைத் தொடங்கினார். எட்டு மாதமாகத் திறக்காத தொண்டை, முதல் அடி கரகரத்தது. இரண்டாவதில் தெளிந்தது. உச்சிக்கு ஏறி, அங்கே பதற்றமில்லாமல் நின்று, தன் வேகத்தில் இறங்கியது. கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் கீபோர்டை விட்டு அவரைச் சுற்றி வந்து நின்றார்கள். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

பாடி முடித்து இஞ்சு டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்தார். “எட்டு மாசம் மெளகுப்பாலு குடிச்சேன் தம்பி” என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, மிஸ்ஸிடம் ஒரு கேள்வி கேட்டார். “இந்தப் பட்டனே இல்லைன்னா, ரெண்டுக்கு எங்கருந்து புடிக்கணும்?”

“டி-லருந்தும்மா. டி, ஜி, ஏ.”

அக்கா அதே மூன்று விரல்களை அப்படியே ஓர் இடம் தள்ளி, வெள்ளைக் கட்டைகளில் வைத்து அமுக்கினார். ஒப்பாரி வைத்ததுபோல வந்தது.

“இது டி மைனர். அழுகுற கார்டு. நடுவிரல மட்டும் கருப்புக் கட்டைக்கு ஏத்துங்க. ஏ-க்கும் அப்படித்தான்.”

ஏற்றினார். முகம் மலர்ந்ததுபோல வந்தது.

“சி மட்டுமே தெரிஞ்சவன் டி-ய எப்படிப் புடிப்பான் மிஸ்?”

“நீங்க இப்பப் புடிச்ச மாதிரித்தாம்மா. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் அழுகும்.”

அக்கா சிரித்தார். அன்றிலிருந்து சி-யைத் தொடவே இல்லை. டி, ஜி, ஏ மட்டும்தான். வளைந்த நடுவிரல் எஃப்-பில் அவரைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் பரிகாரம்போல, அந்தக் கருப்புக் கட்டையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

கோயிலில் மறுபடி பாடகர் குழுவில் சேர்ந்தார். பின்வரிசையில், கும்பலோடு கும்பலாக. கீபோர்டுக்காரருக்கு நேர் பின்னால் பெஞ்சு. ஆறு மாதம் அவருடைய விரல்களையும் அந்தச் சின்னப் பெட்டியில் தெரிகிற எண்ணையும் பார்த்தார். சனிக்கிழமைகளில் எனக்கு அறிக்கை வரும். “பன்னெண்டு ஸ்கேலும் கைக்குள்ளங்கிறான். கருப்புக் கட்டையில இதுவரைக்கும் விரலு படல தம்பி. எல்லாம் சி. மிச்சம் பட்டன்.”

“போய்க் கேக்க வேண்டியதுதானக்கா, ஃபாதர்கிட்ட சொல்லலாம்ல.”

“சொன்னா, வயசானவ பொறாமையில பேசுறாம்பாக. கேக்கக் கூடாது. காட்டணும்.”

ஒருநாள் போகிற போக்கில் கேட்டார். “எங்க ஏரியாவுக்கு மாசாமாசம் கரண்ட நிப்பாட்டுறீகளே, அடுத்தது என்னைக்கு?”

“பராமரிப்பா? பேப்பர்ல போடுவாங்கக்கா.”

“முந்தியே தெரிஞ்சா மாவாட்டி வச்சுக்குவேன்.”

தேதியைச் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.

அடுத்த வாரம் அவர் எனக்கு ஓர் அழைப்பு வைத்தார். வீட்டுக்காரர் நினைவுப் பூசை, பிறகு சாப்பாடு. அதே வியாழன், பதினொரு மணி. அவர் இறந்த தேதி அதுதானா என்று கேட்டேன். “பத்து நா முன்னப் பின்ன இருந்தா அவரு கோவிச்சுக்க மாட்டாரு” என்றார்.

போனேன். கோயில் நிறைந்திருந்தது. அவரிடம் ஜாக்கெட் தைக்கிற அத்தனை பெண்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கீபோர்டுக்காரரை அக்கா வீட்டுக்கே போய், ஆயக்குடிக் கொய்யா ஒரு பை நிறையக் கொடுத்து அழைத்திருந்தார். மனுஷன் வெள்ளைச் சட்டையில் பூரிப்போடு வந்தார். மின்விசிறிகள் சும்மா நின்றன. கீபோர்டு செத்துக் கிடந்தது. ஜெனரேட்டரைத் திருவிழாவுக்கு மட்டும்தான் எழுப்புவார்களாம். பீடத்துக்குப் பக்கத்தில், துடைத்துப் பளபளவென்று, கோயிலின் பழைய ஆர்மோனியம் காத்திருந்தது.

“கரண்டு இல்லையே தம்பி. இதுல வாசிங்க, செத்த நேரந்தான” என்றார் அக்கா.

கீபோர்டுக்காரர் உட்கார்ந்தார். முதல் இரண்டு பாட்டு எல்லாரும் சேர்ந்து பாடியது, சி-யிலேயே ஓட்டிவிட்டார். காணிக்கைப் பாட்டுக்கு அக்கா தனியாக எழுந்து நின்றார். கொழுந்தியாளைப் பார்த்து, “என் வீட்டுக்காரரு பூசை, இன்னைக்கு மட்டும்” என்றார். யார் மறுக்க முடியும்.

“எந்த ஸ்கேலுக்கா?”

“நான் எப்பவும் பாடுறதுதான். டி.”

மைக் இல்லாத கோயிலில் இந்தச் சொல் கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. கீபோர்டுக்காரர் சி-யில் இருந்த மூன்று விரலை அப்படியே தள்ளி, வெள்ளைக் கட்டைகளில் வைத்துத் துருத்தியை அமுக்கினார். ஒப்பாரி வந்தது. அக்கா தொடங்கவில்லை. பொறுமையாக நின்றார். வாசிக்கிறவர் விரலை எடுத்து, துடைத்து, மறுபடி அங்கேயே வைத்தார். மறுபடி ஒப்பாரி. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. எனக்கு, சொல்வதற்கென்ன, பாயசம் குடித்ததுபோல இருந்தது.

மூன்றாவது முறை அவர் வைத்தபோது அக்கா குனிந்து, அவருடைய நடுவிரலை இரண்டு விரலால் பிடித்து, ஒரு பொத்தானைத் துளைக்குள் நுழைப்பதுபோல, கருப்புக் கட்டையின்மேல் வைத்தார்.

“இங்க, தம்பி.”

பிறகு பாடினார். ஜி-க்கும் ஏ-க்கும் அவரே பாடிக்கொண்டே கட்டைகளைத் தொட்டுக் காட்டினார். உச்சி அடி வந்தபோது ஆர்மோனியம் நின்றுவிட்டது. குரல் மட்டும் கூரைவரை போய் நின்று இறங்கியது. கீபோர்டுக்காரரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வயசாயிருச்சுன்னு நீங்க திருப்பிச் சொல்லலையேக்கா” என்றேன் சாப்பாட்டுப் பந்தியில்.

“நான் எதுக்குச் சொல்லணும்? எல்லாரும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டாகள்ல.” எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பாட்டு அவருக்குத் திரும்பி வந்தது. ஃபாதரே கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு பூசை முடிந்ததும் அக்கா கீபோர்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பாராம். “சுதி சேந்துச்சா தம்பி?” என்று கேட்பாராம். சேர்ந்தது என்று அவர் சொல்லும்வரை நகர மாட்டாராம். ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்ததாகக் கேள்வி. வகுப்புக்கு அவர் அதன்பிறகு வரவில்லை. மூன்று கார்டு போதும் என்றுவிட்டார்.

மனைவி மட்டும் தொடர்ந்து போய்வந்தாள். இரண்டு வருஷம். “அக்கா கை பட்டா எனக்குப் பத்து வயசு கொறஞ்சிருதுங்க” என்பாள். பழைய ஜாக்கெட்டுகளைக் கட்டி யாருக்கோ கொடுத்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான்தான் கூட்டாளி ஆயிற்றே.

மச்சினிக்குக் கல்யாணம் வந்தது. மனைவி பட்டுத் துணியோடு போனாள், துணியோடு திரும்பினாள்.

“தேதி இல்லங்கிறாக.”

மூன்றாவது முறையும் அப்படித் திரும்பியபோது, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். அவள் வாசலில் நின்றாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்? கரண்ட் தேதி சொன்னதே நான்தானே.”

“ஒங்க ஒதவிய மறப்பனா தம்பி. அதுக்குத்தான ரெண்டு வருசம் தச்சேன்.”

“அப்ப இது எதுக்கு?”

மெஷின் மிதியில் கால் நின்றது. அக்கா நிமிர்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கினார். முதல் வகுப்பில், நிறுத்தத் தெரியாத அந்தக் குத்துத் தாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்ததுபோல அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது என்று தெரிந்தபிறகுதான் கையை இறக்கினார். மெஷின் மறுபடி ஓடியது.

நான் வெளியே வந்தேன்.

“என்னங்க சொன்னாக?” என்றாள் மனைவி.

“தேதி இல்லையாம்” என்றேன்.